ஷீல்டா, ஆர்மரா?

கேள்வி: விண்வெளிக் கப்பல்களை ஓட்டிச் சண்டை போடும் ஈவ் ஆன்லைன் கணினி விளையாட்டைப் புதிதாக விளையாடுகிறேன். க்ரூஸர் என்ற நடுத்தரக் கப்பல் வாங்கி ஷீல்டு (ஆற்றல் கவசம்), ஆர்மர் (உலோகக் கவசம்) இரண்டும் மாட்டியும் வெடித்துவிட்டதே, ஏன்?
– கல்லூரி மாணவர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: இரண்டையும் மாட்டியதால்தான், தம்பி! கப்பலில் கருவி மாட்டும் இடம்தான் ஸ்லாட்; ஷீல்டு கருவிகள் பெரும்பாலும் நடு ஸ்லாட்டிலும் ஆர்மர் கருவிகள் கீழ் ஸ்லாட்டிலும் உட்காரும்; ஷீல்டு மட்டும் என்று முடிவு செய்தால் கீழ் ஸ்லாட்டை எதிரிக்குக் கொடுக்கும் அடியைக் கூட்டும் கருவிகளுக்கு விடலாம், இரண்டிலும் கை வைத்தால் ரெண்டுங்கெட்டான்தான். கப்பலின் விவரப் பக்கத்தில் போனஸ் எதற்கு என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள். அப்புறம், க்ரூஸருக்கு என்ன அவசரம்? ஏற்காடு கொண்டை ஊசி வளைவில் லாரி திரும்புகிற மாதிரிதான் அது திரும்பும். ஃபிரிகேட் என்ற சின்னக் கப்பலில் பழகுங்கள், போனாலும் நஷ்டம் குறைவு. இன்ஷூரன்ஸ் கப்பலுக்கு மட்டும்தான், மாட்டிய கருவிகளுக்குப் பைசா வராது. நீங்கள் இருக்கும் நட்சத்திர மண்டலத்தின் பாதுகாப்பு அளவு 0.4-க்கு இறங்கினால் விளையாட்டின் கான்கார்டு போலீஸ் எட்டிக்கூடப் பார்க்காது, 0.5-லும் அதற்கு மேலேயும் அத்துமீறிச் சுட்டவனைத் தண்டிக்குமே தவிர உங்கள் கப்பலைக் காப்பாற்றாது.