இந்தியா, இலங்கை: சாதாரணக் குடும்பத்துக்கு எங்கே வாழ்க்கைத் தரமும் வாய்ப்பும் மேல்?

கேட்டவர் சென்னையையும் கொழும்பையும் மனத்தில் வைத்துக் கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்தவை வேறு இரண்டு ஊர்கள். ஒன்று கேரளத்தில், கொல்லம் மாவட்டத்துக் குளத்துப்புழை. ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் செங்கோட்டை. மற்றது இலங்கையில், பதுளைக்குப் பக்கத்தில் தெமோதரை. எங்கள் குடும்பம் பாதி இங்கே, பாதி அங்கே. ஒரே தாத்தாவின் பிள்ளைகள் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளாக இரண்டு நாடுகளில் வாழ்ந்து வருவதால், இந்த ஒப்பீட்டை நான் தினமும் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

பிரிந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம், மலையகத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த இந்திய வம்சாவளித் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று இரு நாட்டுப் பிரதமர்களும் கையெழுத்திட்ட சிரிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டுப் பிரித்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி ஒன்றரை லட்சத்தை 1974இல் பாதிப் பாதியாகப் பங்கிட்டார்கள். தேயிலைச் செடியைத் தவிர வேறெதுவும் அறியாத மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இதை எழுதும்போது இன்றும் எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

எழுபதுகளின் நடுவே தோட்டங்களில் பஞ்சம். மரவள்ளிக் கிழங்குக்குக்கூட வரிசையில் நின்றதாக அம்மா சொல்வார். அப்பா 1976இல் கண்டியில் வாங்கிய பாஸ்போர்ட்டோடு கோச்சி (ரயில்) ஏறி, தலைமன்னாரில் கப்பலைப் பிடித்து, இராமேசுவரம் வந்து, மண்டபம் முகாமில் தங்கினார். தாயகம் திரும்பியவர்களில் பலர் நீலகிரித் தேயிலைக்குப் போனார்கள். எங்களுக்கு வாய்த்தது குளத்துப்புழை ரப்பர். கொழுந்து கிள்ளிய கைகள் நாற்பது வயதில் பால் வெட்டக் கற்றுக்கொண்டன. தெமோதரையில் ஒன்பது வளைவுப் பாலத்துக்குக் கீழே விளையாடி வளர்ந்த அப்பா, கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தை முதல்முறை பார்த்தபோது, பழைய ஊருக்கே திரும்பி வந்துவிட்டதாக ஒரு நிமிடம் நினைத்தாராம்.

பெரியப்பாவும் இந்தியாவுக்குத்தான் விண்ணப்பித்திருந்தார். அவருடைய முறை வருவதற்குள் போர் மூண்டு கப்பல் நின்றுவிட்டது. அதன்பின் 2003இல் புதிய சட்டம் வந்த பிறகுதான் அவர் இலங்கைக் குடிமகனானார். வாழ்நாளில் பெரும்பகுதியை எந்த நாட்டின் ஆளாகவும் இல்லாமல் கழித்த மனிதர் அவர். ஓட்டு கிடையாது, அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட்டும் கிடையாது. இதே ஆண்டுகளில் அப்பா இங்கே தேர்தல்தோறும் விரலில் மை வைத்துக்கொண்டு வந்தார். அதனால் 2003 வரைக்குமான கேள்விக்கு என் பதிலில் தயக்கமே இல்லை: இந்தியா.

அதற்குப் பிறகுதான் கணக்கு சிக்கலாகிறது.

ஐ.நா.வின் மனித வளர்ச்சிக் குறியீட்டில் 2022ஆம் ஆண்டுக்கு இலங்கை 78ஆம் இடம், இந்தியா 134ஆம் இடம். இலங்கையில் 1940களிலேயே இலவசக் கல்வி வந்துவிட்டது, அரசு மருத்துவமனையில் பணம் வாங்குவதில்லை. அந்தத் தரவரிசை பொய்யல்ல. ஆனால் அதே 2022இல்தான் அங்கே பெட்ரோலுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அரசு அறிவித்தது. செப்டம்பரில் பணவீக்கம் எழுபது சதவீதத்தைத் தொட்டது.

நான் புனலூரில் ஒரு மருந்துக் கடையில் மருந்தாளுநர். அந்த ஜூன் மாதம் பெரியப்பா மகன், என் அண்ணன், கைப்பேசியில் ஒரு படம் அனுப்பினார். இரத்த அழுத்த மாத்திரை அட்டை ஒன்று. பத்துக் குழிகளில் எட்டு காலி. மீதி இரண்டையும் கத்தியால் பாதியாக வெட்டி வைத்திருந்தார். 'தம்பி, இதை இன்னும் நாலாக வெட்டலாமா?' என்று கேட்டிருந்தார். நான் நிற்கும் இடத்தில் கையை நீட்டினால் அதே மருந்து நாலைந்து நிறுவனப் பெயர்களில் இருந்தது. வெட்ட வேண்டாம் என்று உடனே சொன்னேன். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு விமானம் ஏறிய ஒருவரிடம் கொடுத்தனுப்பி, அவர் கையில் சேரப் பதினோரு நாள் ஆயிற்று. அந்தப் பதினோரு நாளும் நான் சரியாகத் தூங்கவில்லை.

மறு ஆண்டு நேரில் போனேன். அண்ணன் இருப்பது இன்னும் லயத்தில்தான், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, முன்னால் ஒட்டுத் திண்ணை, தகரக் கூரை. மூலையில் கொழுந்துக்கூடை, அதன் கயிறு நெற்றியில் படும் இடத்தில் அண்ணி பழைய சேலைத் துணியைச் சுற்றியிருந்தார். அவர் குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை செய்து திரும்பியவர். அந்தப் பணம் மகள் படிப்புக்கும் மாமியார் வைத்தியத்துக்கும் போயிற்று. தோட்டத்தில் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆக 2021 வரை போராட வேண்டியிருந்தது. 2024இல் 1,350 என்றார்கள். இந்தியப் பணத்தில் அது நானூறுக்கும் குறைவு. கேரளத்தில் 2022-23லேயே கிராமப்புறக் கட்டட வேலைக்கு நாள் கூலி சராசரியாக 850 ரூபாய்க்கு மேல், இந்தியாவிலேயே அதிகம்.

எங்கள் குடும்பம் மேலே வந்ததற்குக் காரணமாக நான் நினைப்பது இந்தக் கூலிதான். குளத்துப்புழையிலும் தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியதே. அப்பா ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஆனால் இங்கே தோட்டத்து வாசலைத் தாண்டினால் வேறு வேலை இருந்தது. என் தம்பி கொத்தனாரிடம் சித்தாளாகச் சேர்ந்தான், பிறகு டைல்ஸ் ஒட்டக் கற்றான். அவன் கூலியும் என் சம்பளமும் சேர்ந்துதான் ஐந்து சென்ட் வாங்கி வீடு கட்டினோம். அண்ணனும் எங்களைப் போலவே உழைத்தார். அவருடைய தோட்டத்து வாசலுக்கு வெளியே கொழும்புக் கடைகளையும் வளைகுடாவையும் விட்டால் வேறு வழி இல்லை.

படிப்பில் நிலைமை தலைகீழ். அண்ணன் மகள் உயர்தரம் (இங்கே பிளஸ் டூ போல) வரை தமிழிலேயே படித்துத் தேறிப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். கட்டணம் இல்லை. இடம் கிடைப்பது கடினம், கிடைத்துவிட்டால் காசு கேட்பதில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அவளுக்குக் கை வந்தவை. என் மகள் நர்சிங் படிக்க வங்கிக் கடன் வாங்கினோம், இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். வேலை கிடைப்பதில் அவளுக்குக் கவலை இல்லை, கேரளத்து நர்ஸை உலகமே கூப்பிடுகிறது. ஆனால் பேராதனையிலிருந்து அக்காள் தமிழில் நீளமாக எழுதி அனுப்பியதை என் மகள் என்னிடம் நீட்டி, 'அப்பா, படித்துச் சொல்லுங்கள்' என்றாள். பள்ளி முழுக்க மலையாளத்தில் படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் தமிழ் வாசிப்பாள். அன்று எனக்கு வந்த வருத்தத்தை எந்தக் குறியீட்டில் சேர்ப்பது?

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. நான் படிக்கப் போன காலத்தில் இட ஒதுக்கீட்டுக்காகச் சாதிச் சான்றிதழ் கேட்டு ஓர் அலுவலகத்துக்கு நடந்தேன். 1950க்கு முன்பே உங்கள் குடும்பம் கேரளத்தில் இருந்ததற்கு ஆதாரம் எங்கே என்றார்கள். 1950இல் என் தாத்தா தெமோதரையில் தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியோடு நின்றுகொண்டிருந்தார். எந்த நாடும் அவரைத் தன் ஆள் என்று எழுதிக்கொள்ளாத நேரம் அது. சான்றிதழ் கிடைக்கவில்லை, இரண்டு வருடம் கழித்துப் பொதுப் பிரிவில்தான் இடம் கிடைத்தது. குடியுரிமை கிடைத்த நாட்டிலும் கதவுகள் ஒவ்வொன்றாகத்தான் திறந்தன.

ஆகவே இன்றைக்கு என்னிடம் கேட்டால், கூலி, சொந்த நிலம், வெளியே போய்ப் பிழைக்கும் வழி இவற்றில் இந்தியா, அதிலும் கேரளம். பிள்ளையின் படிப்பு, தாய்மொழி இவற்றில் இலங்கை. வைத்தியத்தில் 2022க்கு முன் இரண்டும் சமம் என்றிருப்பேன். புனலூர் தாலுகா மருத்துவமனையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இப்போது அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அண்ணனுக்கும் இப்போது ஏழு பேர்ச்சஸ் காணி ஒதுக்கியிருக்கிறார்கள். நம் கணக்கில் ஐந்து சென்ட்கூட முழுதாக வராது. அத்திவாரம் போட்டாயிற்று, காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. மாதம் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு வருகிறார். வந்த அன்றே படம் எடுத்து அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.