இரைச்சல் அதிகமான பட்டறையில் எல்லோருக்கும் இயர்பிளக் (காதுக்குள் செருகும் அடைப்பான்) கொடுத்தால் போதுமா?

போதாது. கொடுக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அது கடைசியில் செய்ய வேண்டியது. அதை முதலில் செய்துவிட்டால் மற்ற எதையும் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நான் பதினாறு வருடம் பிரஸ் ஷாப்பில், அதாவது உலோகத் தகட்டை மெஷினில் அடித்துத் துண்டு எடுக்கும் பட்டறையில், இருந்தவன். ராத்திரி படுத்தால் வலது காதில் இன்றும் 'ஙொய்' என்று ஒரு ரீங்காரம். ஆரம்பத்தில் ஷிப்ட் முடிந்ததும் காது அடைத்த மாதிரி இருக்கும், காலையில் சரியாகிவிடும். அதுதான் சரியாகிறதே என்று இருந்துவிட்டேன். உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் செத்தால் மறுபடி முளைக்காது என்பதெல்லாம் பிறகு டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருக்கிறதா? அப்படியானால் சத்தம் 85 டெசிபலை (சத்தத்தை அளக்கும் அலகு) தொட்டாயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். 85 என்றால் காதுப் பாதுகாப்பு இல்லாமல் ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் இருக்கலாம் என்பது கணக்கு. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, அதனால் நேரம் பாதியாகிறது: 88க்கு 4 மணி, 91க்கு 2 மணி.

அப்புறம், சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். நாங்கள் மெஷினையே திட்டிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மெஷின் பக்கம் போகாமல், அடித்த துண்டுகள் விழும் இரும்புத் தொட்டி பக்கத்தில் நின்று பார்த்தால், காதைக் கிழித்தது அந்தத் தொட்டிதான்! உள்ளே தடித்த ரப்பர் ஷீட் ஒட்டி, துண்டு விழும் உயரத்தையும் குறைத்தோம். தளர்ந்து ஆடிக்கொண்டிருந்த தகர மூடியை முடுக்கினோம். காற்றைப் பீய்ச்சும் ஏர் கன்னுக்குச் சத்தம் குறைந்த நாசில் (முனை) போட்டோம். பெரிய செலவு எதுவும் இல்லை.

இதற்குப் பிறகும் மிஞ்சும் சத்தத்துக்குத்தான் இயர்பிளக். அதையும் எப்படிப் போடுவது என்று காட்டிக் கொடுங்கள். பஞ்சு மாதிரி இருப்பதை மெல்லிசாக உருட்டி, மறுகையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும்வரை அரை நிமிடம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதிப் பேர் சும்மா காது வாசலில் செருகிக்கொண்டு திரிவார்கள்.

இடையில் கழற்றினாலும் போச்சு. 30 டெசிபல் குறைக்கும் பிளக்கை 8 மணி நேர வேலையில் அரை மணி நேரம் கழற்றி வைத்தால், மொத்தத்தில் கிடைக்கும் பாதுகாப்பு 12 டெசிபல்தான். பேசுவதற்காகக் கழற்றுகிறார்கள் என்றால், பேச ஓர் அமைதியான மூலை ஒதுக்கிக் கொடுங்கள்.

புதிதாகச் சேருபவருக்கு முதல் வாரமே செவித்திறன் சோதனை எடுத்துவிடுங்கள், ஷிப்ட் முடிந்த கையோடு அல்ல, ஓர் இரவு ஓய்வுக்குப் பிறகு. எனக்கு அப்படி ஒன்று எடுத்திருந்தால், சோதனை வரைபடத்தில் 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதி பக்கம் விழுந்த பள்ளத்தை, அதாவது கேட்கும் திறன் குறைந்ததை, இரண்டாவது வருடமே பார்த்திருப்பேனோ என்னவோ.