350 இன்ஜினுக்குப் பெரிய கேம் போட்டால் டார்க் கன்வர்ட்டரையும் மாற்ற வேண்டுமா?

கேள்வி இதுதான்: 1978 செவர்லே கமாரோ, 350 கன அங்குல இன்ஜின், டிஎச்350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், பின்னால் 3.08 ஆக்சில் கியர் (சக்கரம் ஒரு முறை சுற்ற, கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு 3.08 முறை சுற்றும்). தினமும் வேலைக்குப் போய்வரும் கார். 0.050 அங்குல உயர்வில் அளந்து 240 டிகிரி டியூரேஷன் (வால்வ் திறந்திருக்கும் அளவு) உள்ள கேம் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போடலாமா, கம்பெனியில் வந்த டார்க் கன்வர்ட்டரே (இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) போதுமா?

போதாது. ஆனால் கன்வர்ட்டருக்குப் போவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அந்தக் கேமை வாங்காதீர்கள். ஹூஸ்டனில் நான் ஓட்டும் 1972 செவர்லே நோவாவிலும் இதே 350, இதே கியர்பாக்ஸ்தான். இந்தக் கூட்டணி எதைத் தாங்கும், எதைத் தாங்காது என்று தினமும் பார்க்கிறேன்.

கேம் வாங்கும்போது எல்லோரும் உச்சக் குதிரைத்திறனைத்தான் பார்க்கிறார்கள். தெருவில் ஓட்டுபவர் பார்க்க வேண்டியது, இழுவை எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் சுற்றுகள்) தொடங்குகிறது என்பதை. டியூரேஷன் கூடக் கூட இன்டேக் வால்வ் தாமதமாக மூடும். வேகம் குறைவாக இருக்கும்போது பிஸ்டன் மேலே ஏறும், வால்வ் இன்னும் திறந்தே இருக்கும், உள்ளே வந்த கலவையில் ஒரு பங்கு மேனிஃபோல்டுக்கே திரும்பிப் போய்விடும். உங்கள் காலத்து 350-இல் கம்ப்ரஷன் விகிதமே 8-க்குக் கொஞ்சம் மேல்தான். இருக்கிற அழுத்தத்தையும் இப்படி விட்டுவிட்டால், 2,500-க்குக் கீழே இன்ஜினில் உயிரே இருக்காது.

இப்போது கன்வர்ட்டர். உள்ளே மூன்று பகுதிகள்: இன்ஜினோடு சுற்றும் பம்ப், கியர்பாக்ஸைச் சுழற்றும் டர்பைன், நடுவில் ஆயிலைத் திருப்பிவிடும் ஸ்டேட்டர். கார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் நேரத்தில் இது டார்க்கை (சுழற்றும் விசையை) ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். கம்பெனி கன்வர்ட்டரின் ஸ்டால் (காரை நகரவிடாமல் பிடித்து முழுக்க மிதித்தால் இன்ஜின் எட்டும் வேகம்) பொதுவாக 1,600 முதல் 2,000 ஆர்பிஎம். இழுவை 2,500-இல் தொடங்கும் கேமை அதோடு சேர்த்தால், இன்ஜின் தூங்கும் இடத்திலிருந்துதான் ஒவ்வொரு சிக்னலிலும் கிளம்புவீர்கள். இரண்டு மடங்காக்க அங்கே டார்க்கே இருக்காது.

பலர் தவறவிடும் ஒரு விஷயம்: ஸ்டால் என்பது கன்வர்ட்டரில் அச்சடித்த நிலையான எண் இல்லை. இன்ஜினின் டார்க்கைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். ஒரே கன்வர்ட்டரைப் பெரிய 454 இன்ஜினுக்குப் பின்னால் மாட்டினால் அதிகமாகக் காட்டும், கீழ் ஆர்பிஎம்மில் பலமில்லாத 350-க்குப் பின்னால் குறைவாகக் காட்டும். ஆக, பெரிய கேம் போட்டுக் கீழ் டார்க்கைக் குறைத்துவிட்டால், உங்கள் பழைய கன்வர்ட்டரின் ஸ்டால் இன்னும் இறங்கத்தான் செய்யும்.

அப்புறம் ஐடில். நியூட்ரலில் 900-இல் நிற்கும் இன்ஜினை டிரைவில் போட்டதும் இறுக்கமான கன்வர்ட்டர் அதைக் கீழே இழுக்கும், சிலசமயம் அணைந்தே போகும். அணையாமல் இருக்க ஐடிலை ஏற்றுவார்கள். அப்போது கியர் விழும்போது ‘டொக்’ என்று அடிக்கும், சிக்னலில் கார் முன்னால் போகத் துடிக்கும், பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்தப் பிரேக்குக்கு பூஸ்டர் இருந்தால், அது வேலை செய்ய இன்ஜின் வேக்குவம் வேண்டும். ஐடிலில் அது 15 அங்குலத்துக்கு (பாதரச அளவு) மேல் இருந்தால் நிம்மதி. ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் ஒன்றாகத் திறந்திருப்பது) அதிகமான கேம் அதை 10 வரைக்கும் இறக்கிவிடும், பெடல் கல்லாகிவிடும். ஐடிலில் தடதடக்கும் அந்தச் சத்தம் எனக்கும் உயிர்தான். ஆனால் பள்ளிக்கூட வாசலில் பிரேக் பிடிக்கத் திணறும் காரை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

‘அப்படியானால் 3,000 ஸ்டால் போட்டுவிடுகிறேன்’ என்று தோன்றலாம். முதலில், 3,000 ஸ்டால் என்றால் 3,000 வரை கார் நகராது என்று அர்த்தமில்லை. மெதுவாக மிதித்தால் அதற்கு வெகு கீழேயே நகரும். சிக்கல் நெடுஞ்சாலையில். 26 அங்குல டயர், 3.08 கியர் என்றால் மணிக்கு 60 மைலில் இன்ஜின் ஏறக்குறைய 2,390-இல் சுற்றும். டிஎச்350-இல் லாக்கப் (கன்வர்ட்டரை வழுக்காமல் பூட்டும் கிளட்ச்) இல்லாவிட்டால், நாள் முழுக்க ஸ்டாலுக்குக் கீழேயே வழுக்கிக்கொண்டு ஓடும். வழுக்கல் எல்லாம் வெப்பம். ஹூஸ்டன் கோடையில் அடைத்து நிற்கும் டிராஃபிக்கில் அந்த வெப்பம் கியர்பாக்ஸ் ஆயிலைச் சுட்டுவிடும்.

அதனால்தான் நான் ஆக்சில் கியரிலிருந்து தொடங்கச் சொல்கிறேன். 3.08-ஐ மாற்றப் போவதில்லை என்றால் 0.050-இல் 218 டிகிரிக்குப் பக்கத்தில் ஒரு கேம், லோப் செப்பரேஷன் (இன்டேக், எக்ஸாஸ்ட் லோப்களுக்கு நடுவில் உள்ள கோணம்) 112 டிகிரி, ஸ்டால் 2,200 அளவில். இதுவே இந்தக் காரை வேறு காராக்கிவிடும். என் நோவாவில் 3.42 கியர், 224 டிகிரி கேம், 2,400 ஸ்டால். டிரைவில் போட்டாலும் அமைதியாக நிற்கிறது, மிதித்தால் உடனே எழுகிறது. 3.73-க்குப் போகத் துணிந்தால் 230 டிகிரியும் 2,800 ஸ்டாலும் பொருந்தும். ஆனால் 60 மைலில் 2,890 ஆர்பிஎம், தினமும் கேட்கும் காதுக்கு அது அதிகம். கூடவே 700ஆர்4 கியர்பாக்ஸ் மாட்ட முடிந்தால் 0.70 ஓவர்டிரைவில் அது 2,020-க்கு இறங்கும், லாக்கப்பும் உண்டு, முதல் கியரும் 3.06. பணம் இருந்தால் என் வோட்டு அதற்குத்தான்.

கன்வர்ட்டரைக் கடையில் அலமாரியிலிருந்து எடுக்காதீர்கள். தயாரிப்பாளரிடம் காரின் எடை, ஆக்சில் கியர், டயர் உயரம், கம்ப்ரஷன், கேம் அட்டையில் உள்ள எண்கள் எல்லாவற்றையும் சொல்லி, அவர் சொல்வதை வாங்குங்கள். பொதுவான கணக்கு, கேம் இழுக்கத் தொடங்கும் ஆர்பிஎம்முக்கு 500 மேலே. தனியாக ஒரு ஆயில் கூலரும் கட்டாயம் வேண்டும். கேமுக்கு ஏற்ற வால்வ் ஸ்பிரிங்குகளும் சேர்த்துத்தான் பட்ஜெட். ஃப்ளாட் டேப்பெட் (உருளை இல்லாமல் தட்டையாக உரசும் டேப்பெட்) கேம் என்றால் துத்தநாகம் சேர்ந்த ஆயில் ஊற்றி, முதல் 20 நிமிடம் 2,000-க்கு மேலேயே ஓட்டுங்கள், ஐடிலில் விடக் கூடாது.

மாட்டும்போது ஒரு விஷயத்தில் மட்டும் அவசரமே வேண்டாம். கன்வர்ட்டரைச் சுற்றிச் சுற்றித் தள்ளி, கியர்பாக்ஸ் பம்புக்குள் முழுக்க உட்கார்ந்ததை உறுதிசெய்த பிறகுதான் பெல்ஹவுசிங் (கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் கூடு) போல்ட்டைத் தொட வேண்டும். பெல்ஹவுசிங்கை இறுக்கியதும் கன்வர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும், ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் (இன்ஜின் பின்னால் கன்வர்ட்டரை மாட்டும் தட்டு) அதற்கும் நடுவில் 3 முதல் 5 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இடைவெளியே இல்லாமல் போல்ட்டால் இழுத்துச் சேர்த்தால், முதல் ஸ்டார்ட்டிலேயே கியர்பாக்ஸ் பம்ப் உடையும்.