ஷை, டிமிட், கோய்: கூச்சத்துக்கு ஆங்கிலத்தில் எத்தனை சொல்?

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: டீச்சர், ஷை, டிமிட், பேஷ்ஃபுல் மூன்றுக்கும் அகராதியில் 'கூச்சமுள்ள' என்றே போட்டிருக்கிறது. எதை எங்கே எழுதுவது?

கூச்சம் எதனால் வருகிறது என்று பாருங்கள், சொல் தானாகப் பிரிந்துவிடும். ஷை என்பது மனிதர்கள் முன்னால் வருவது. பேச ஆசை இருக்கும், வாய் வராது. டிமிட்டில் இருப்பது அச்சம். பயப்படுவதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. மேலதிகாரி, புது வேலை, இருட்டு என்று எதைக் கண்டாலும் பின்வாங்குபவர் டிமிட். அரசின் நடவடிக்கையை டிமிட் என்று பத்திரிகை எழுதினால் 'துணிச்சல் போதாது' என்று அர்த்தம். அங்கே ஷை பொருந்தாது. பேஷ்ஃபுல் மென்மையான சொல். பாராட்டினால் முகம் சிவந்து தலை குனிவது. 1937இல் வந்த டிஸ்னியின் ஸ்னோ ஒயிட் படத்தில் ஏழு குள்ளர்களில் ஒருவருக்கு அதுவே பெயர்.

இன்னொன்று: ஷை என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் 'எளிதில் மிரளும்' என்று பொருள். குதிரை மிரண்டு ஒதுங்குவதற்கு இன்றும் இதையே வினைச்சொல்லாகப் போடுகிறார்கள்.

ஐ.டி. ஊழியர்: அப்ரைசலில் மேனேஜர் என்னை 'ரிசர்வ்ட்' என்று எழுதியிருக்கிறார். இது குறையா? நான் இன்ட்ரோவர்ட், அவ்வளவுதான்.

ரிசர்வ்ட் தன்னளவில் குறை இல்லை. மனதில் இருப்பதைச் சட்டென்று வெளியே காட்டாதவர் என்று பொருள். ஆனால் அப்ரைசலில் வந்தால் 'மீட்டிங்கில் இன்னும் பேசுங்கள்' என்ற குறிப்பாகவும் இருக்கலாம். அவரிடமே கேட்டுவிடுங்கள். 'அலூஃப்' என்று எழுதியிருந்தால்தான் கவலைப்பட வேண்டும். அது யாரோடும் ஒட்டாமல் விலகி நிற்பவரைக் குறை சொல்லும் சொல்.

இன்ட்ரோவர்ட் வேறு. உளவியலாளர் கார்ல் யுங் 1921இல் வெளியிட்ட மனித வகைகள் பற்றிய நூலால் பரவிய சொல் அது. மனம் உள்நோக்கித் திரும்பியிருப்பதை அவர் அப்படிச் சொன்னார். அதில் பயம் இருந்தாக வேண்டியதில்லை. ஆயிரம் பேர் முன்னால் சரளமாகப் பேசிவிட்டு, அப்புறம் தனியாக இருக்க விரும்புபவரும் இன்ட்ரோவர்ட்தான். கூட்டத்துக்கு ஏங்கிக்கொண்டே கூச்சத்தால் ஓரமாக நிற்கும் எக்ஸ்ட்ரோவர்ட்டும் உண்டு. கூச்சத்தையும் இன்ட்ரோவர்ட் குணத்தையும் ஒன்றாக்கிப் பேசுவதால் அமைதியான பிள்ளைகள் எத்தனையோ பேர் வீணாகத் திட்டு வாங்குகிறார்கள்.

கல்லூரி மாணவி: மேடம், 'வெட்கமாக இருக்கிறது' என்பதை எப்படிச் சொல்வது? நான் 'ஐ ஃபீல் ஷேம்' என்றேன், தோழி சிரித்துவிட்டாள்.

தமிழில் வெட்கம் என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது, அதுதான் சிக்கல். போட்டோ எடுக்க நிற்கும்போது வரும் வெட்கம் ஷை. ஆன்லைன் மீட்டிங்கில் மைக் ஆனில் இருப்பது தெரியாமல் வீட்டில் சண்டை போட்டுவிட்டால் வருவது எம்பாரஸ்ட். தப்பு எதுவும் இல்லை, மற்றவர் கண்ணில் பட்டதுதான் சங்கடம். நண்பனிடம் பொய் சொன்னதை நினைத்து உள்ளே அறுப்பது அஷேம்ட். யாரும் பார்க்காவிட்டாலும் அது இருக்கும். சட்டை போடாமல் ஓடும் குழந்தையிடம் நம் வீடுகளில் 'ஷேம் ஷேம்' என்று சொல்லிப் பழகியதால், ஷேம் என்பது சாதாரண வெட்கம் என்றே மனதில் பதிந்துவிட்டது. ஆங்கிலத்தில் அது கனமான சொல்.

இந்தப் பிரிவினை நமக்கும் புதிதல்ல. நாணுடைமை அதிகாரத்தின் முதல் குறளே, செய்த செயலால் வரும் நாணம் வேறு, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று பிரிக்கிறது.

'ஷீப்பிஷ்' என்று ஒன்று உண்டு, எனக்கு ரொம்பப் பிடித்த சொல். சின்ன அசட்டுத்தனம் மாட்டிக்கொண்டால் நாம் அசடு வழிவோமே, அதுதான்.

அதே மாணவி: இன்டர்வியூவில் என் பலவீனம் 'ஷைனஸ்' என்று சொல்லலாமா?

அந்த ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். குழுவில் முதலில் பேசத் தயங்குவேன், அதற்கு இன்னது செய்துவருகிறேன் என்று சொல்லுங்கள். தன் திறமையிலேயே சந்தேகம் என்றால் அதற்குச் சரியான சொல் 'டிஃபிடன்ட்'. நம்பிக்கையைக் குறிக்கும் லத்தீன் வேர்தான் கான்ஃபிடன்ட்டிலும் இருக்கிறது. இது அதன் எதிர்ப்பக்கம். வேலை கேட்கும் இடத்தில் அதைச் சொல்லாமல் இருப்பது நல்லது.

மொழிபெயர்ப்பாளர்: கதாநாயகியின் நாணத்துக்கு 'கோய்' போடலாமா?

அவள் நடிக்கிறாள் என்றால் போடுங்கள். அமைதியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்தான் அது. இன்று பாசாங்கு நாணத்துக்கும், தெரிந்தும் பிடி கொடுக்காமல் பேசுவதற்கும் ஆகிறது. கூட்டணி பற்றிக் கேட்டால் மழுப்பும் அரசியல்வாதியும் கோய்தான். உண்மையான அடக்கத்துக்கு 'டெமூர்' பார்க்கலாம், கொஞ்சம் பழைய வாசனை அடித்தாலும். 2024இல் டிக்‌ஷனரி.காம் அதையே ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

யு.கே.ஜி. குழந்தையின் அம்மா: ரிப்போர்ட் கார்டில் 'ஷை' என்று வந்திருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

புது இடத்தில் முதலில் வேடிக்கை பார்த்து, மெதுவாகச் சேர்ந்துகொள்ளும் குழந்தைகள் நிறைய. அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற ஆய்வாளர்கள் இவர்களை 'ஸ்லோ டு வார்ம் அப்' என்றார்கள். ஷையைவிட நியாயமான சொல், ஏனென்றால் நேரம் கொடுத்தால் பழகிவிடும் என்பது அதிலேயே இருக்கிறது. விருந்தினர் முன்னால் 'இவ ரொம்ப ஷை' என்று மட்டும் சொல்லாதீர்கள் அம்மா, குழந்தை அதைப் பிடித்துக்கொள்ளும்.

'சோஷியல் ஆங்ஸைட்டி டிஸார்டர்', அதாவது மற்றவர்கள் முன்னால் வரும் கடுமையான பயம், மருத்துவர் தீர்மானிக்க வேண்டியது. குழந்தைகளைப் பொறுத்தவரை, பெரியவர்களிடம் மட்டுமில்லாமல் சம வயதுப் பிள்ளைகளிடமும் அந்தப் பயம் இருக்கிறதா, பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கிறதா என்று பார்ப்பார்கள். பள்ளிக்குப் போவதும் விளையாடுவதும் தடைப்பட்டால், காத்திருக்காமல் காட்டிவிடுங்கள்.

இன்னொருவர்: 'வொர்க்-ஷை' என்றால் வேலையில் கூச்சமா?

இல்லை, வேலைக்கு டிமிக்கி கொடுப்பவர். ஷைக்குக் 'குறைவு' என்ற பொருளும் உண்டு: '1000க்கு 10 ரூபாய் ஷை' என்றால் 990தான் இருக்கிறது.