13-உம் 14-உம் ஒட்டிக்கொண்டால்: மருத்துவக் கேள்வி பதில்

கேள்வி: எனக்கு மணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. மனைவிக்கு இரண்டு முறை கரு கலைந்துவிட்டது. அவருக்கு எல்லாப் பரிசோதனைகளும் முடிந்த பிறகே என் விந்தணுக்களைப் பார்த்தார்கள். எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 30 லட்சம். பிறகு எடுத்த குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) பரிசோதனையில், 46-க்குப் பதில் 45 இருப்பதாகவும், 13-ஆம் குரோமோசோமும் 14-ஆம் குரோமோசோமும் ஒட்டியிருப்பதாகவும் அறிக்கை வந்துள்ளது. இது நோயா? மருந்தால் சரியாகுமா? பெண் பார்த்துக்கொண்டிருக்கும் என் தம்பியும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இது நோயன்று. ஏறத்தாழ ஆயிரம் பேரில் ஒருவருக்கு இத்தகைய ஒட்டுதல் இருக்கிறது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது உங்களுக்கிருக்கும் 13, 14 இணைப்புதான். இதனை 'ராபர்ட்சோனியன் இடமாற்றம்' என்பார்கள். இவ்விரு குரோமோசோம்களின் குட்டைக் கைகள் இழக்கப்பட்டு நீண்ட கைகள் ஒன்றாகிவிடுகின்றன. குட்டைக் கைகளில் உள்ள மரபணுக்களின் பிரதிகள் வேறு சில குரோமோசோம்களிலும் இருப்பதால், எண்ணிக்கை 45 ஆனாலும் உடல்நலத்துக்குக் குறைவு வருவதில்லை.

சிக்கல் எழுவது விந்தகத்தில்தான். விந்தணு உருவாகும் குன்றல் பகுப்பின்போது (குரோமோசோம் எண்ணிக்கை பாதியாகும் செல் பிரிவின்போது) ஒவ்வொரு குரோமோசோமும் தன் இணையோடு பொருந்தி நிற்க வேண்டும். உங்கள் செல்களிலோ ஒட்டிய குரோமோசோமும், தனித்தனியாக உள்ள 13-உம் 14-உம் ஆக மூன்றும் ஒரே இடத்தில் கூடி நிற்கின்றன. பொருந்தாமல் எஞ்சும் பகுதிகளைக் கண்டுகொள்ளும் செல்கள் பல, அந்தக் கட்டத்திலேயே வளர்ச்சி நின்று அழிந்துவிடுகின்றன. எண்ணிக்கை குறைவதற்கு இது முக்கியக் காரணம். (உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட கையேட்டின்படி இயல்பின் கீழ் எல்லை மில்லிலிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம்.) ஆயினும் இதே ஒட்டுதல் உள்ள ஆண்கள் பலருக்கு எண்ணிக்கை இயல்பாகவே இருக்கிறது, ஒரே வீட்டில் அண்ணனுக்குக் குறைந்தும் தம்பிக்குக் குறையாமலும் இருப்பதுண்டு.

தப்பி முதிரும் விந்தணுக்களில் பெரும்பாலானவை சமநிலை உடையவையே, அதாவது குரோமோசோம் பகுதி எதுவும் கூடவோ குறையவோ இல்லாதவை. எஞ்சியவற்றில் 13 அல்லது 14 ஒன்று கூடியோ குறைந்தோ இருக்கும்; அவற்றால் உண்டாகும் கரு பெரும்பாலும் தொடக்கத்திலேயே கலைந்துவிடும். உங்கள் மனைவிக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம். அரிதாக, கூடுதல் 13-உடன் குழந்தை பிறக்கக்கூடும். அது கடுமையான நிலை. குழந்தை தாமதமானால் நம் ஊர்களில் முதலில் பெண்ணையே படுக்கவைத்துச் சோதிக்கிறோம். மலிவான விந்துப் பரிசோதனை கடைசியில் வருவது எனக்கு எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது.

மருந்தோ லேகியமோ குரோமோசோமை மாற்றாது. அதற்குப் பணம் செலவிடாதீர்கள். இயல்பாகவே கருத்தரிக்க முயன்று, தரித்தால் 11 வாரத்துக்குப் பின் நஞ்சுக்கொடித் திசுவிலோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரிலோ கருவின் குரோமோசோம்களைப் பார்ப்பது ஒரு வழி. இக்ஸி முறையில் (ஒரு விந்தணுவை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தி) ஆய்வகத்தில் கருவை உருவாக்கி, ஐந்தாம் நாளில் சில செல்களை எடுத்துச் சோதித்து, சமநிலையுள்ள கருவை மட்டும் கருப்பையில் வைப்பது மற்றொரு வழி. இதில் செலவும் உடல்வருத்தமும் கூடுதல். எந்த வழியானாலும் பாலினத்தைத் தெரிவிப்பதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. முடிவெடுக்கும் முன் மரபியல் ஆலோசகர் ஒருவரை இருவருமாகச் சென்று பாருங்கள்.

உங்கள் பெற்றோரில் ஒருவரிடமிருந்து இது வந்திருந்தால், தம்பிக்கும் இருக்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. ஆகவே முதலில் பெற்றோருக்கு எடுப்பது நல்லது. இருவருக்கும் இல்லையெனில் தம்பியைப் பற்றிப் பெரும்பாலும் கவலை வேண்டாம். கையில் எடுக்கும் சிறிதளவு இரத்தம் போதும். வெள்ளணுக்களை மூன்று நாட்கள் வளர்த்து, பிரியும் கட்டத்தில் நிறுத்தி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். தம்பிக்கு இருந்தாலும் அது திருமணத்துக்குத் தடையன்று. வரும் பெண்ணிடம் மறைக்காதிருப்பது முறை.

கேள்வி: என் அறிக்கையில் 9-ஆம் குரோமோசோமில் ஒரு பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பதாக உள்ளது. விந்தணுக்கள் மிகக் குறைவு. இதுதான் காரணமா?
– வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: நடுப்பகுதியை ஒட்டிய வழக்கமான திருப்பம் என்றால், மரபியல் வல்லுநர்களில் பெரும்பாலோர் அதனை இயல்பான வேறுபாடாகவே கொள்கின்றனர். பழியை அதன்மேல் போட்டுவிட்டுத் தேடலை நிறுத்தாதீர்கள். ஒய் குரோமோசோமில் நுண்ணிய இழப்பு உள்ளதா என்பது சாதாரண குரோமோசோம் பரிசோதனையில் தெரியாது. அதற்குத் தனிப் பரிசோதனை உண்டு. அதனோடு ஹார்மோன் அளவுகளையும், விதைப்பையில் சிரைப் புடைப்பு (இரத்தக் குழாய் வீக்கம்) உள்ளதா என்பதையும் சிறுநீரகவியல் மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.