பேக் ஸ்குவாட்டை வைத்து ஃப்ரண்ட் ஸ்குவாட் எடையைக் கணிக்கலாமா?

கேள்வி: பேக் ஸ்குவாட்டில் (பாரை முதுகில் வைத்து உட்கார்ந்து எழுவது) என் உச்சம், அதாவது ஒரே ஒரு முறை தூக்க முடிந்த அதிகபட்ச எடை, 140 கிலோ. புதிய பயிற்சித் திட்டத்தில் ‘ஃப்ரண்ட் ஸ்குவாட், உச்ச எடையில் 75 சதவீதம், 5 ரெப் (தடவை)’ என்று இருக்கிறது. பாரைத் தோளின் முன்பக்கம் வைத்துச் செய்யும் இந்த ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் நான் உச்சம் பார்த்ததே இல்லை. பேக் ஸ்குவாட்டிலிருந்து கணக்குப் போடலாமா? கிளீன் (பாரைத் தரையிலிருந்து தோளுக்குத் தூக்குவது), ஸ்னாட்ச் (தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது) இரண்டுக்கும் இதே வழிதானா?

பதில்: போடலாம். ஆனால் முதல் நாள் பாரில் எவ்வளவு ஏற்றுவது என்று முடிவுசெய்ய மட்டும்.

பேக் ஸ்குவாட்டில் 80 முதல் 85 சதவீதம் ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் வரும் என்பது கோச்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. உங்களுக்கு அது 112 முதல் 119 கிலோ. கீழ் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். 112-இல் 75 சதவீதம் 84 கிலோ. நானாக இருந்தால் முதல் செட்டை 80-இல் தொடங்குவேன். குறைவாகத் தொடங்கினால் அடுத்த செட்டில் ஏற்றிக்கொள்ளலாம். அதிகமாகத் தொடங்கி நான்காவது ரெப்பில் முழங்கை சரிந்தால் அன்றைய பயிற்சியே கெட்டுவிடும்.

அந்தச் சதவீதம் பலரின் சராசரி, உங்களுடையது அல்ல. பேக் ஸ்குவாட்டில் பாரை மேல் முதுகில் சற்றுக் கீழே இறக்கி வைத்து, இடுப்பால் தூக்கிப் பழகியவருக்கு விகிதம் 80-க்கும் கீழே போகலாம். நிமிர்ந்தே இறங்குபவருக்கு 90-ஐ நெருங்கலாம். ஃப்ரண்ட் ஸ்குவாட்டில் பல பேருக்குக் கால் தோற்பதில்லை; மேல் முதுகு வளைந்துவிடும், அல்லது மணிக்கட்டு மடங்காது. பேக் ஸ்குவாட் எண்ணில் இவை எதுவும் தெரியாது.

அதனால் இரண்டு மூன்று வாரம் நோட்டில் எழுதுங்கள்: எடை, ரெப், இன்னும் எத்தனை ரெப் மிச்சமிருந்தது. 90 கிலோவில் 5 ரெப் செய்து, 2 மிச்சம் என்று தோன்றினால் 7 ரெப்பாக எண்ணுங்கள். எடையை (1 + ரெப் ÷ 30) என்பதால் பெருக்கும் எப்லி சூத்திரப்படி உச்சம் சுமார் 111 கிலோ, அதாவது உங்கள் விகிதம் 79 சதவீதம். இனி சராசரியை விட்டுவிட்டு இதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை: மூச்சு வாங்கும் சர்க்யூட் (பல பயிற்சிகளை அடுத்தடுத்து செய்வது) முடித்த கையோடு எடுத்த எண்ணை இதில் சேர்க்காதீர்கள். ரெப் பத்தைத் தாண்டினாலும் சூத்திரம் தடுமாறும்.

கிளீனுக்கும் ஸ்னாட்சுக்கும் இதை நீட்ட வேண்டாம். பேக் ஸ்குவாட்டிலிருந்து ஃப்ரண்ட் ஸ்குவாட், அதிலிருந்து கிளீன் என்று போனால் பிழையும் கூடவே பெருகும். இரண்டு படியிலும் 5 சதவீதம் கூடுதலாகக் கணித்தால் முடிவில் 10 சதவீதத்துக்கு மேல் தவறு. தவிர, கிளீன் பெரும்பாலும் பலம் போதாமல் தவறுவதில்லை. பார் உடம்பை விட்டு விலகியதால், அல்லது பாருக்கு அடியில் புகத் தாமதமானதால் தவறுகிறது. ரெப் சூத்திரமும் இங்கே உதவாது. ஒற்றை ரெப்பாக 5 கிலோ, பிறகு 2.5 கிலோ என்று ஏற்றிக்கொண்டே போய், வடிவம் குலையும் முன் நிறுத்துங்கள். சுத்தமாக எடுத்த கடைசி எடையை வைத்து அந்தத் திட்டத்தின் சதவீதங்களைப் போடுங்கள்.