வால்ப்பக்கம் படிக்கட்டு இருந்த ஜெட் எது?

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் தாத்தா, 1960களில் சென்னையிலிருந்து டெல்லிக்குப் போன ஜெட்டில் வாலுக்கு அடியில் படியேறியதாகவும், ஜன்னல் முக்கோணமாக இருந்ததாகவும் சொல்கிறார். எந்த விமானம்?

பதில்: பிரான்சின் சூட் ஏவியேஷன் செய்த கேரவெல். இந்தியன் ஏர்லைன்ஸ் 1964-ல் கொண்டுவந்தது. வால்ப்படி போயிங் 727-லும் உண்டு. முனை மழுங்கிய முக்கோண ஜன்னல்தான் சரியான அடையாளம். தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தில் ஏடிஆர் என்ற சிறிய புரொப்பெல்லர் விமானத்தில் ஏறுகிறவர்களும் பின்பக்கம்தான் ஏறுகிறார்கள், ஆனால் அது இடது பக்கவாட்டுக் கதவு.

ஜன்னலின் அடி அகலமாக இருந்ததால் தரையை நன்றாகப் பார்க்கலாம். மேலே குறுகியதால் உடற்பகுதியில் வெட்டிய திறப்பும் பெரிதாகவில்லை. அருமையான யோசனை! இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் ஏவான் என்ஜின்களும் வால் பக்கம் இருந்ததால் முன் இருக்கைகளில் பேசினால் கேட்கும், கடைசி வரிசைகளில் இரைச்சல் காதை அடைக்கும். தாத்தா எங்கே உட்கார்ந்தார் என்று கேட்டுப் பாருங்கள். ஆரம்ப வகைகளில் என்ஜின் விசையை முன்னோக்கித் திருப்பும் வசதி இல்லை. தரையிறங்கியதும் வேகம் குறைக்க வால் பாராசூட் இருந்தது.

மூக்குப் பகுதி பிரிட்டனின் காமெட் என்ற ஜெட் விமானத்தின் வடிவமைப்பிலிருந்து வந்தது. கேரவெல் 1955-ல் முதலில் பறந்து, 1959-ல் பயணிகள் சேவைக்கு வந்தது. அமெரிக்காவின் யுனைடெட் விமான நிறுவனம் 20 வாங்கியது. அங்குள்ள இன்னொரு நிறுவனமான டிடபிள்யூஏ ஆர்டர் கொடுத்துவிட்டு ரத்து செய்தது. எரிபொருள் அதிகம் குடிக்கும் என்ஜின், பிறகு வந்த அமெரிக்க ஜெட்டுகளான டிசி-9, போயிங் 727 ஆகியவற்றின் போட்டி, இரண்டும் சேர்ந்து விற்பனையை முடக்கின. மொத்தம் 300-ஐக்கூட எட்டவில்லை.